பனி உருகும் ஏரிக்கரையில் பறவை பார்ப்பது எப்படி? வீட்டிலிருந்தே தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்த ஏரி முழுசாக உருகட்டும் என்று பறவைகள் காத்திருப்பதில்லை. கரையோரம் ஒரு முற்றம் அளவுக்குத் தண்ணீர் திறந்தால் போதும், முதல் வாத்துகள் வந்து இறங்கிவிடும். அன்று தொடங்கி, கரையில் நிற்கும் மரங்கள் தழைக்கிற வரைக்குமான சில வாரங்கள்தான் ஏரிக்கரை வீட்டுக்காரருக்கு ஆண்டிலேயே பெரிய வாய்ப்பு. கிளைகளில் இலை இல்லாததால் பறவைக்கு மறைவிடம் குறைவு. ஆண் வாத்துகள் முழு நிறத்தில் இருக்கும். திறந்திருக்கிற கொஞ்ச நீரில் எல்லா இனங்களும் நெருக்கியடித்துக்கொண்டு மிதக்கும். கோடை வந்துவிட்டால் பாதிப் பறவைகள் வடக்கே போயிருக்கும். மீதி நாணலுக்குள் ஒளிந்திருக்கும்.

இதில் என் கட்சி இதுதான்: இந்தப் பருவத்தில் இடம் இடமாக அலைகிறவரைவிட, ஒரே ஏரியை ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறவர் அதிகம் பார்ப்பார். நேற்று என்ன இருந்தது என்று தெரிந்தவருக்குத்தான் இன்று என்ன புதிது என்று தெரியும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நாற்காலியை மையமாக வைத்தவை. ஏரி உறையும் வட நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: பறவைக்கு முன்னால் ஏரியைப் படியுங்கள்

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். அதனால் குளிர்காலத்தில் அந்த 4 டிகிரி நீர் அடியில் தங்கிவிட, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே வந்து உறைகிறது. வசந்தத்தில் ஏரி திறப்பது எல்லா இடத்திலும் ஒரே சீராக நடக்காது. ஓடை வந்து சேரும் வாய், தண்ணீர் வெளியேறும் மதகு, வெயில் படும் ஆழமில்லாத கரை, பாலத்தின் அடி, கருத்த பாறைகளை ஒட்டிய இடம் ஆகியவை முதலில் திறக்கும். உங்கள் வீட்டிலிருந்து இவற்றில் எவை தெரியும் என்று குளிர்காலத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் உங்கள் பறவைகள் எல்லாம் அந்த இடங்களில்தான்.

அடுத்து காற்று. பனிப்பாளம் கரையை விட்டு விலகியதும் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். மேற்கிலிருந்து பலமாக வீசினால் பனி கிழக்குக் கரையில் குவியும். மேற்குக் கரையில் நீர் திறக்கும். காலையில் காற்றின் திசையைப் பார்த்தாலே எந்தப் பக்கம் பைனாகுலரைத் திருப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஏரி முழுக்கத் திறந்த பிறகும் இந்தக் கணக்கு உதவும். காற்று பலமாக அடிக்கும் நாளில் வாத்துகள் அலை குறைந்த, காற்று மறைவான கரையை ஒட்டியே ஒதுங்கும்.

பனியின் விளிம்பைத் தனியாகக் கவனியுங்கள். குளிர்காலத்தில் பனிக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்து செத்த மீன்கள் உருகும் காலத்தில் வெளியே வரும். கடற்காகங்கள், காகங்கள், சில ஏரிகளில் கழுகுகள் அந்த விளிம்பில் வரிசையாகக் காத்து நிற்கும். தூரத்தில் பனி மேல் அசையாமல் தெரியும் கருப்புப் புள்ளியை மரக்கட்டை என்று விட்டுவிடாதீர்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. வசந்தப் பனி தடிமனாகத் தெரிந்தாலும் உள்ளே செங்குத்து ஊசிகளாக உதிர்ந்துபோயிருக்கும். எந்தப் பறவைக்காகவும் அதன் மேல் கால் வைக்க வேண்டாம்.

இரண்டாம் படி: நாற்காலியை எங்கே போடுவது

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். ஏரி வீட்டுக்கு மேற்கே இருந்தால் காலை உங்களுடையது. கிழக்கே இருந்தால் காலையில் நீர் முழுக்கக் கண்கூசும், எல்லா வாத்தும் கருப்பாகத் தெரியும், சாயங்காலம்தான் நிறம் பிடிபடும். அதற்காகக் காலையை விட்டுவிட வேண்டாம், அப்போது காதை நம்புங்கள்.

சன்னலுக்கு உள்ளேயிருந்து சாதாரண பைனாகுலரில் பார்ப்பது ஓரளவு நடக்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் சிறிய தொலைநோக்கி) வைத்தால் நடக்காது. அந்த உருப்பெருக்கத்தில் சன்னல் கண்ணாடியின் சின்னக் குறையும் பெரிதாகி உருவம் குழம்பும். சன்னலைத் திறந்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அறையின் சூடான காற்று வெளியே பாயும்போது எதிரில் எல்லாம் அலையலையாய் ஆடும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு தாழ்வாரத்திலோ படகுத்துறையிலோ உட்காருவதே வழி. நீர்ப்பறவைகள் மனித உருவத்தைவிட மனித அசைவுக்குத்தான் அஞ்சும். தினமும் ஒரே இடத்தில் உட்காரும் உருவத்துக்கு அவை பழகிவிடுவதைச் சில நாளிலேயே பார்க்கலாம்.

மூன்றாம் படி: கருவி

8×42 பைனாகுலர் ஒன்று போதும். 8 என்பது உருப்பெருக்கம்; 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, அத்தனை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளி கண்ணுக்கு வந்து சேர்கிறது. விடியலிலும் அந்தியிலும் பார்ப்பவருக்கு அது முக்கியம். 10 மடங்கு, 12 மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்வளையத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். அப்போதும் வட்டம் முழுசாகத் தெரியாவிட்டால் வேறு மாடல் தேடுங்கள். ஏரி பெரியதாக இருந்தால் மட்டும் 20–60 மடங்கு ஸ்கோப்பும் முக்காலியும். கேமரா முதல் ஆண்டு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். படம் பிடிக்கிற அவசரத்தில் பறவை என்ன செய்கிறது என்பது போய்விடும்.

நான்காம் படி: தண்ணீரில் மிதப்பதை மூன்றாகப் பிரியுங்கள்

தொடங்குபவர்கள் கையேட்டைத் திறந்து நிறத்தைத் தேடுவார்கள். தூரத்தில், மங்கிய வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். மிதக்கும் விதம் ஏமாற்றாது.

முதல் வகை, மேலோட்டமாய் மேயும் வாத்துகள். மல்லார்ட், கிளுவை, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் இதில் அடங்கும். உடல் நீருக்கு மேலே நன்றாகத் தெரியும், வால் தூக்கியிருக்கும். தலையை நீருக்குள் விட்டு, பின்பக்கம் வானத்தைப் பார்க்கக் கவிழ்ந்து மேயும். பறக்க நினைத்தால் நின்ற இடத்திலிருந்து நேராக எழும்.

இரண்டாம் வகை, முங்கும் வாத்துகள். வால் நீர்மட்டத்தோடு படிந்திருக்கும், உடல் தாழ்ந்திருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும். எழுவதற்கு நீர் மேல் ஓடியாக வேண்டும். கோல்டன்ஐ, ரம்பம் போன்ற ஓரம் கொண்ட ஒல்லி அலகால் மீன் பிடிக்கும் மெர்கன்சர் எல்லாம் இந்தக் கூட்டம். ஆறு வாத்து மிதந்த இடத்தில் ஒன்றுகூட இல்லையென்றால் பைனாகுலரை நகர்த்தாதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் ஒவ்வொன்றாய் மேலே வரும். எண்ணிக்கையை அப்போது எடுங்கள்.

மூன்றாம் வகை, வாத்தே இல்லாதவை: முக்குளிப்பான்கள், நாமக்கோழி, நீர்க்காகம், லூன். முக்குளிப்பானுக்கு வால் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது, அலகு கூர்மை. நாமக்கோழி நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு, நீந்தும்போது தலையை முன்னும் பின்னும் ஆட்டும். நீர்க்காகம் பாதி மூழ்கிய உடலோடு அலகை மேல்நோக்கிச் சாய்த்துப் போகும். லூன் பெரியது, கத்தி அலகு, நீண்ட தாழ்ந்த உடல். பெரும்பாலான பறவைகளைப் போலில்லாமல் அதன் எலும்புகள் பல கெட்டியானவை. முங்குவதற்கு அந்தக் கனம் உதவுகிறது. ஆனால் மேலே எழ நீண்ட ஓடுபாதை வேண்டும். பனி பெரும்பாலும் போன பிறகே சின்ன ஏரிகளில் லூன் இறங்குவது அதனால்தான். அதற்கு முன்பே அவை ஏரி மேல் பறந்து நோட்டம் விட்டுப் போகும். கால்கள் உடலின் பின்கோடியில் இருப்பதால் தரையில் நடக்க அதற்கு வராது.

வகை பிடிபட்ட பிறகு நிறத்துக்குப் போங்கள். வாத்துகளில் ஆணைப் பார்த்து இனத்தை முடிவு செய்து, அதை ஒட்டியே நீந்தும் பழுப்புப் பெண்ணைக் கற்றுக்கொள்வதுதான் சுலபம். பல இனங்கள் குளிர்காலத்திலேயே ஜோடி சேர்ந்துவிடுவதால் இப்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கோடையில் ஆண்கள் வண்ண இறகை உதிர்த்துப் பெண்ணைப் போலவே ஆகிவிடும், அப்போது இந்த வசதி கிடையாது.

ஐந்தாம் படி: கூத்து நடக்கும்போது எழுந்து போகாதீர்கள்

பெயர் கண்டுபிடித்ததும் அடுத்த பறவைக்குத் தாவுவது ஒரு வியாதி. முன்வசந்தத்தில் அந்த வியாதி உள்ளவர் இழப்பது அதிகம், ஏனென்றால் ஏரியில் இப்போது நடப்பதெல்லாம் துணை பிடிக்கும் ஆட்டம்.

கோல்டன்ஐ ஆணை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை மின்னும் கருந்தலை, மஞ்சள் கண், அலகு தொடங்கும் இடத்தில் ஒரு வட்ட வெள்ளைப் பொட்டு. முதலில் சும்மா மிதப்பதுபோல்தான் இருக்கும். திடீரென்று கழுத்தை முன்னே நீட்டும். அடுத்த கணம் தலையைப் பின்னுக்கு எறிந்து பின்தலை முதுகின் கோடியில் படும்படி வளைக்கும். அலகு வானத்தைப் பார்க்க, அரைவதுபோல ஒரு கரகரச் சத்தம், கூடவே கால்களால் பின்னால் தண்ணீரை உதைத்து ஒரு தெறிப்பு. எல்லாம் ஓரிரு நொடிதான். ஒரு பெண்ணைச் சுற்றி நான்கைந்து ஆண்கள் மாறி மாறி இதைச் செய்யும். தூரம் அதிகமானால் அந்தத் தெறிப்பு மட்டும்தான் கண்ணில் படும். அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள், அடுத்த தெறிப்பு வரும்.

ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருப்பவர்களுக்குக் கொண்டை முக்குளிப்பான். ஜோடி எதிரெதிரே வந்து தலையை இடமும் வலமும் ஆட்டும், நடுநடுவே முதுகு இறகைக் கோதுவதுபோல பாவனை செய்யும். இது பல முறை பார்க்கக் கிடைக்கும். அரிதாகக் கிடைப்பது அதன் உச்சம். இரண்டும் மெல்ல முங்கி, அலகு நிறைய நீர்ப்பாசியோடு மேலே வந்து, தலை தாழ்த்தி ஒன்றை நோக்கி ஒன்று நீந்தி, மார்போடு மார்பு உரச நீரில் நிமிர்ந்து நிற்கும். கால்கள் கீழே வேகமாய் அடித்துக்கொண்டிருக்கும், பாசி தொங்கும் தலைகள் ஆடிக்கொண்டிருக்கும். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1912 வசந்தத்தில் இங்கிலாந்தின் டிரிங் நீர்த்தேக்கங்களில் இந்தப் பறவைகளைத் தொடர்ந்து பார்த்து 1914-ல் எழுதிய ஆய்வு, விலங்கு நடத்தை அறிவியலின் தொடக்கப் படிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. கரையில் உட்கார்ந்து பொறுமையாய்ப் பார்த்ததுதான் அதன் அடிப்படை. அதே பறவையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொப்பி அலங்காரத்துக்காகச் சுட்டு பிரிட்டனில் கிட்டத்தட்ட ஒழித்தேவிட்டார்கள். இறகு வியாபாரத்தை எதிர்த்துப் பெண்கள் 1889-ல் தொடங்கிய சங்கம்தான் இன்று ஆர்எஸ்பிபி எனப்படும் பிரிட்டனின் பறவைப் பாதுகாப்பு அமைப்பு.

வட அமெரிக்காவின் மேற்குப் பக்க ஏரிகளில் வெஸ்டர்ன் கிரீப் என்ற முக்குளிப்பான் ஜோடிகள் இன்னும் ஒரு படி மேலே போகும். இரண்டும் பக்கம் பக்கமாக எழுந்து நீர் மேலேயே ஓடும். நொடிக்கு 14 முதல் 20 முறை காலடி வைக்கும்.

ஆறாம் படி: காது

பாட்டு தொடங்குவதற்குக் காரணம் வெயிலின் சூடு என்றுதான் தோன்றும். பகல் நீள்வதுதான் முதல் காரணம். 1920களில் கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் என்ற உயிரியலாளர், கடுங்குளிரில் திறந்தவெளிக் கூண்டில் ஜுன்கோ குருவிகளை வைத்து, மின்விளக்கால் அவற்றின் பகலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். நடுக்குளிர்காலத்திலேயே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கின. ஆகவே வெளியே இன்னும் பனி கொட்டுகிறதே என்று படுத்துக் கிடக்க வேண்டாம். பறவைக்கு நாள் கணக்கு தெரியும்.

சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பு வெளியே போய், கண்ணை மூடிக்கொண்டு எத்தனை விதமான குரல் என்று மட்டும் எண்ணுங்கள். பெயர் பிறகு. வாரத்துக்கு ஒரு குரலை உறுதியாகக் கற்றுக்கொண்டால் போதும். மரங்கொத்தியின் தாளத்தில் தொடங்கலாம். ஒரு நொடிக்குள் பத்துக்கும் மேற்பட்ட அடி விழும் அந்த ‘டர்ர்ர்’ இரை தேடும் சத்தம் கிடையாது, எல்லை அறிவிப்பு. இரை தேடும்போது அடி ஒழுங்கில்லாமல், விட்டு விட்டு விழும். ஏரியை ஒட்டிச் சதுப்பு இருந்தால் அந்தியிலும் காத்திருங்கள். ஸ்னைப் எனப்படும் உள்ளான் வானத்தில் வட்டமிட்டுச் சரியும்போது ஒரு நடுங்கும் முனகல் கேட்கும். தொண்டையிலிருந்து வருவதல்ல அது. விரிந்த வால் ஓர இறகுகள் காற்றில் அதிர்வதால் வருவது.

மெர்லின் போன்ற செயலிகள் குரலை வைத்துப் பெயர் சொல்லும். நல்ல உதவிதான், ஆனால் அது சொன்ன பெயரைப் பறவையைக் கண்ணால் பார்த்தபின் எழுதுங்கள். மைனாவின் உறவான ஸ்டார்லிங் அண்டைப் பறவைகளின் குரலை எல்லாம் எடுத்துப் பாடும். செயலியும் ஏமாறும், நாமும் ஏமாறுவோம்.

ஏழாம் படி: நீருக்கு மேலே பாருங்கள்

பனி விலகியதும் விரால் அடிப்பான் (ஆஸ்பிரே) வரும். உணவில் கிட்டத்தட்ட முழுதும் மீன்தான் என்பதால் நீர் திறக்காமல் அதற்கு வேலை இல்லை. ஓரிடத்தில் சிறகடித்து நின்று, கால்களை முன்னே நீட்டி விழும். எழுந்ததும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு மீனின் தலை முன்பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு போகும். வெளிவிரலைப் பின்னுக்கும் திருப்ப முடிவதால் வழுக்கும் மீனை இரண்டு விரல் முன்னும் இரண்டு பின்னுமாகக் கவ்வுகிறது. அது மீனோடு எந்தத் திசைக்குப் போகிறது என்று பாருங்கள், கூடு அந்தப் பக்கம்தான்.

தகைவிலான்கள் வந்தபின் குளிர் திரும்பும் நாட்கள் உண்டு. அப்போது பூச்சி கிடைக்கும் ஒரே இடம் நீர்ப்பரப்பு. அடியிலிருந்து எழும் சின்னக் கொசு போன்ற மிட்ஜ்களைப் பிடிக்க ஏரியைத் தொட்டும் தொடாமலும் கூட்டமாய்ப் பறக்கும். தெற்குக் காற்று அடித்த இரவுக்குப் பின், அதுவும் விடியலில் மழை பெய்திருந்தால், எல்லா வேலையையும் தள்ளிவைத்துவிட்டு வெளியே போங்கள். வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கின்றன. மழை அவற்றை இருக்கும் இடத்தில் இறக்கிவிடும்.

எட்டாம் படி: வீட்டைப் பறவைக்குத் தக்கபடி

ஏரியைப் பார்த்த பெரிய கண்ணாடி உங்களுக்குக் காட்சி. பறவைக்கு அதில் தெரிவது இன்னொரு வானம். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் கட்டடங்களில் மோதிச் சாவதாக 2014-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. ஒற்றைப் பருந்து ஸ்டிக்கர் ஒட்டுவதால் பயனில்லை. கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் அல்லது கோடுகள் வேண்டும். தீவனத் தட்டைச் சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளோ, பத்து மீட்டருக்கு அப்பாலோ வையுங்கள். நடுத்தூரம்தான் ஆபத்து. ஒரு பறவை தினமும் வந்து சன்னலைக் கொத்தினால் அது தன் பிம்பத்தைப் போட்டியாளன் என்று எண்ணிச் சண்டை போடுகிறது. வெளிப்பக்கம் சில வாரம் மறைத்துவிட்டால் அடங்கும். இரவில் ஏரிப் பக்க விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

கூடுபெட்டி மாட்டுவது பனிக்காலம் முடிவதற்குள் நடக்க வேண்டும். சிறிய பட்டாணிக்குருவி இனங்களுக்கு 25 முதல் 28 மில்லிமீட்டர் துளை. துளைக்குக் கீழே குச்சி எதுவும் வைக்காதீர்கள், அது வேட்டையாடிகளுக்குப் படி. மரப்பொந்தில் முட்டையிடும் வாத்துகளுக்குப் பெரிய பெட்டி வேண்டும். அவை கூடு கட்டப் பொருள் சுமந்து வருவதில்லை, அதனால் மரச்சீவலை நீங்களே போட வேண்டும். உள்சுவரில் துளைக்குக் கீழே சொரசொரப்பு இல்லாவிட்டால் குஞ்சுகளால் ஏறி வெளியே குதிக்க முடியாது.

நீர்ப்பறவைக்கு ரொட்டி வேண்டவே வேண்டாம். கரடி நடமாடும் பகுதியில் வசந்தம் வந்ததும் தீவனத் தட்டுகளை இறக்கிவிடுவது உத்தமம். கரையில் கிடக்கும் நைலான் தூண்டில் நரம்பையும் ஈயக் குண்டுகளையும் பொறுக்கி எடுங்கள். ஒரே ஒரு ஈயக் குண்டை விழுங்கினாலும் லூன் செத்துப்போகும். செத்த பறவையைக் கையால் தொடாமல் உள்ளூர் வனத்துறைக்குச் சொல்லுங்கள், பறவைக் காய்ச்சல் காலம் இது.

ஒன்பதாம் படி: நோட்டு

தேதி, நேரம், காற்று, ஏரியில் எவ்வளவு பங்கு திறந்திருக்கிறது, இனம், எண்ணிக்கை, என்ன செய்துகொண்டிருந்தது. இவ்வளவுதான். கூட்டத்தை எண்ண, பத்து பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று முதலில் பார்த்து, அந்த அளவை வைத்து மீதியை அளந்துகொண்டு போங்கள். ‘இல்லை’ என்பதையும் எழுதுங்கள். வராத நாள் தெரிந்தால்தான் வந்த நாளுக்கு அர்த்தம். பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே ஓடும் டோர்னே ஆற்றில் பனி உடையும் நாளை 1693 முதல் குறித்து வருகிறார்கள்; அறிவியலாளர்கள் இன்று பருவநிலை மாற்றத்தை அளக்க அந்த எளிய குறிப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் பட்டியலை பறவைப் பதிவுகளைச் சேர்ப்பதற்காக 2002-ல் தொடங்கிய இபேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் அதுவும் பொதுத் தரவாகும். ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கென்று அங்கே தனி வகையே உண்டு.

இலை வரத் தொடங்கியதும் எண்ணிக்கை சடசடவென்று குறையும். அதன் பிறகும் ஏரியில் தங்கும் ஜோடிகள் உங்கள் ஏரியில் கூடு கட்டப்போகிறவை. அதுவரை உங்களைக் கண்டுகொள்ளாத பறவை இப்போது கண்டுகொள்ளும். எல்லாத் தலையும் ஒரே சமயம் நிமிர்ந்தாலோ, கூட்டம் மெல்ல எதிர்ப்பக்கம் நகர்ந்தாலோ, நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். படகில் போகும்போது, கூட்டில் உட்கார்ந்த லூன் கழுத்தை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தித் தட்டையாய்ப் படுத்திருப்பதைக் கண்டால் அது தூங்குகிறது என்று நினைக்காதீர்கள். உங்களுக்குப் பயந்துதான் அப்படிக் கிடக்கிறது. துடுப்பை நிறுத்தி, வந்த வழியே திரும்புங்கள்.